காற்றே இல்லாமல் ஆடிய தேநீர்

கட்டட வேலை நடந்த அந்த வளாகத்தில் எல்லோரும் அவரை மேலக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். மேலே இருக்கிற அக்கா. வயதில் மூத்தவர்களும் அப்படித்தான். டவர் கிரேனின் உச்சியில், கண்ணாடிக் கேபினுக்குள் தனியாக உட்கார்ந்து, கான்கிரீட் பலகைகளையும் கம்பிக் கட்டுகளையும் மாடிக்கு மாடி தூக்கி வைக்கிற பெண்ணுக்கு வேறென்ன பெயர் வைப்பார்கள்?

இளம் வயதில் செங்கல் சுமந்தவர். பிறகு வளாகத்து லிஃப்டில் பொத்தான் அழுத்துகிற வேலை. கிரேன் ஓட்டப் பயிற்சி கொடுக்கிறோம், யாருக்கு விருப்பம் என்று கேட்டபோது கை தூக்கிய ஒரே பெண் அவர்தான். பயிற்சியாளர் மேலும் கீழும் பார்த்துவிட்டு, "மேல கழிப்பறை கிடையாது, தெரியும்ல?" என்று பயமுறுத்தினாராம். "கீழயும் எங்களுக்குக் கிடையாதுங்களே" என்று இவர் சொன்னதும் கூட்டம் சிரித்துவிட்டது. பயிற்சியாளர் சிரிக்கவில்லை. ஆனால் சேர்த்துக்கொண்டார்.

அந்த உச்சிக்குப் போக ஏணிதான் வழி. கிரேன் கம்பத்தின் நடுவே, கூண்டு போன்ற சட்டத்துக்குள், நேராக மேலே ஏறுகிற இரும்பு ஏணி. இடையிடையே மூச்சு வாங்க ஒரு சின்ன மேடை. இடுப்பிலும் தொடையிலும் பெல்ட்டைக் கட்டி, அதன் கொக்கியை ஏணிக் கயிற்றில் மாட்டிக்கொண்டு ஏற வேண்டும். மேலக்கா வருடக்கணக்காகத் தினமும் ஏறினார். உடம்பு பெரிய உடம்பு. அவருடைய அம்மாவுக்கும் அப்படித்தான், அண்ணனுக்கும் அப்படித்தான். அந்தப் பெரிய உடம்பைத் தூக்கிக்கொண்டு ஏறி ஏறியே தொடை இரண்டும் தூண் மாதிரி ஆகியிருந்தன.

மேலே போனதும் அவர் செய்கிற முதல் வேலை மூடி பார்ப்பது. ஃபிளாஸ்கிலிருந்து அதன் மூடியில் தேநீரை ஊற்றி, உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு, அசையாமல் அதையே உற்றுப் பார்ப்பார். தேநீரின் மேற்பரப்பில் வளையம் வளையமாக நடுக்கம் வந்தால் கம்பம் ஆடுகிறது, காற்று அதிகம், இன்றைக்குத் தூக்கக் கூடாது. பரப்பு கண்ணாடி மாதிரி நின்றால் வேலையைத் தொடங்கலாம். இது பயிற்சியில் சொல்லிக் கொடுத்தது இல்லை. காற்றை அளக்கிற கருவி என்று ஒன்று கிரேனின் நுனியில் இருக்கத்தான் செய்தது. அது பழுதாகிக் கிடந்தது. மாற்றித் தருகிறோம் என்ற பதிலும் வெகுகாலமாக வந்துகொண்டேதான் இருந்தது. கருவி வரும்வரை மூடி. அவருக்கு முன்பு அங்கே ஓட்டியவரும் அப்படித்தான் பார்த்தார். எல்லோரும் மூடியை நம்பினார்கள்.

கீழே நின்று அவருக்குச் சைகை சொல்பவரைச் சிக்னல்காரர் என்பார்கள். வாக்கி டாக்கியில் அவர் குரல்தான் மேலக்காவின் கண். சுமை எங்கே இறங்குகிறது என்பது மேலேயிருந்து பாதி நேரம் தெரியாது. "இடது, இடது, போதும்" என்று அவர் சொன்னால் இவர் கை நகரும். இத்தனை வருடம் கிரேனோடு குப்பை கொட்டிய அந்த மனிதர் ஏணியின் முதல் படியில்கூடக் கால் வைத்தவர் இல்லை. ஸ்டூலில் ஏறினாலே தலை சுற்றும் ஆள்.

வேறொரு ஊரில், வேறொரு நிறுவனத்தில் யாரோ ஏணியிலிருந்து விழுந்தார்கள் என்று செய்தி வந்தது. உடனே இங்கே ஒரு பாதுகாப்பு அதிகாரி வந்து சேர்ந்தார். கையோடு ஒரு விதியும் வந்தது. ஏணி பெல்ட் நூறு கிலோ வரைதான் தாங்கும். அதற்கு மேல் எடை உள்ளவர்கள் இனி ஏறக் கூடாது.

எடை பார்த்த விதத்தைச் சொல்ல வேண்டும். கிடங்கு வாசலில் கம்பிக் கட்டுகளை நிறுக்கிற தராசு ஒன்று உண்டு. அதன் மேல் நிற்கச் சொன்னார்கள். சுற்றிலும் கம்பி கட்டுகிறவர்கள், கொத்தனார்கள், எழுத்தர் எல்லோரும் வேடிக்கை. மேலக்கா ஏறி நின்றார். முள் நூறைத் தாண்டிக் கொஞ்சம் தள்ளிப் போய் நின்றது. யாரோ பின்னால் விசில் அடித்தார்கள்.

அடுத்து மாலை ஷிஃப்டில் கிரேன் ஓட்டுகிறவர். அவரைத் தொப்பையண்ணன் என்றே சொல்வார்கள், காரணம் விளக்க வேண்டியதில்லை. அவர் ஏறியதும் முள் மேலக்காவின் எண்ணையும் கடந்தது. அதிகாரி சிரித்தார். "தராசு ரிப்பேர் போலிருக்கு. அடுத்த மாசம் பாத்துக்கலாம்ணே." எல்லோரும் சிரித்தார்கள், தொப்பையண்ணனும் சிரித்தார். அதே தராசு, அதே முள். ஆணுக்கு வந்தால் தொப்பை, கிண்டலடித்து விட்டுவிடலாம். பெண்ணுக்கு வந்தால் எடை, நடவடிக்கை எடுக்க வேண்டும். இதை எந்த விதியிலும் எழுதி வைத்திருக்கவில்லை. எழுதாமலே நடந்தது.

மேலக்காவுக்கு மூன்று மாதம் அவகாசம், அதுவரை ஏறலாம். அதற்குள் குறையாவிட்டால் கிடங்கில் உட்கார்ந்து தலைக்கவசம் எண்ணிக் கொடுக்கிற வேலை.

"அதுவும் வேலைதானே" என்றார் அவர் கணவர். பேருந்துப் பணிமனையில் மெக்கானிக். மனைவி எப்போது கீழே இறங்குவாள் என்று மணி பார்த்துக்கொண்டே வாழ்ந்தவர்.

"உங்க பஸ்ஸ எடுத்துட்டு, உங்களை டிக்கெட் கிழிச்சுப் போடுற குப்பைத் தொட்டிய பாத்துக்கச் சொன்னா போவீங்களா?"

கிடங்கில் மேலக்கா யாராகவும் இருக்க மாட்டார். மேலே அவர்தான் எல்லாம். அந்தக் கேபின் நாற்காலிக்காகத்தான் அதன் பிறகு நடந்ததெல்லாம்.

முதலில் இரவுச் சாப்பாட்டை நிறுத்தினார். பிறகு மதியச் சாப்பாட்டைப் பாதியாக்கினார். சில வாரம் எடை இறங்கியது. அப்புறம் நின்றுவிட்டது. இன்னும் குறைத்தார். எடை அசையவில்லை. கேபினில் வெயில் காயும்போதே கை கால் சில்லிட்டது, நடந்தால் கண் இருட்டியது.

இதில் மாயம் எதுவும் இல்லை. உணவு குறைந்தால் உடம்புக்கு அது பஞ்சம். வேண்டுமென்றே வரவழைத்த பஞ்சம், தானாக வந்த பஞ்சம் என்று பிரித்துப் பார்க்க அதற்குத் தெரியாது. கழுத்தில் உள்ள தைராய்டு சுரப்பிதான் உடம்பின் அடுப்பை எவ்வளவு எரிய விடுவது என்று தீர்மானிக்கிறது. பஞ்ச காலத்தில், அந்தச் சுரப்பி அனுப்பும் ஹார்மோன் முழு வீரியத்துக்கு மாறுவதை உடம்பு குறைத்துக்கொள்கிறது. அடுப்பு சிறு தீக்கு வருகிறது. கையிருப்பைக் காப்பாற்ற உடம்பு செய்கிற புத்திசாலித்தனம் இது. மனித இனம் இத்தனை பட்டினிகளைத் தாண்டி வந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

ஆனால் எடை குறைய வழி கேட்டு மேலக்கா போன, கடைவீதி மாடியில் இருந்த மெலிவு நிலையத்தின் உரிமையாளர் அம்மா அதற்கு வேறு பெயர் வைத்திருந்தார்.

"உங்களுக்கு சோம்பேறி உடம்பும்மா. தூங்குற உடம்பு. அத எழுப்பணும்."

தினமும் ஒரு கோபுரம் ஏறி இறங்குகிற பெண்ணைப் பார்த்து, மின்தூக்கியில் வந்து மின்தூக்கியில் போகிற ஒருவர் சொன்ன வார்த்தை அது. மேலக்கா அதையும் நம்பினார். நாலு பேர் நடுவில் கம்பித் தராசில் நின்றவருக்குத் தன் உடம்பைப் பற்றி யார் எதைச் சொன்னாலும் உண்மை என்றுதான் தோன்றும்.

பெயரில்லாத டப்பா ஒன்றில் பழுப்பு நிறக் குளிகைகள். "சுத்தமான மூலிகை, பக்க விளைவே கிடையாது" என்றார் அந்த அம்மா.

அந்தக் குளிகையில் இருந்தது தைராய்டு ஹார்மோன். அதை இப்போதே சொல்லிவிடுவதுதான் நியாயம். ஒரு பெண்ணின் உடம்பை வைத்து வாசகருக்குக் கண்ணாமூச்சி காட்ட வேண்டியதில்லை. சுரப்பி போதிய அளவு சுரக்காதவர்களுக்கு, சோதித்து, அளந்து, மருத்துவர் கொடுத்தால் அது உயிர் காக்கும் மருந்து. நன்றாக வேலை செய்கிற சுரப்பி உள்ளவருக்கு, மெலிவதற்காக, மூலிகை என்று பொய் சொல்லிக் கொடுத்தால் அது விஷம். மூலிகை என்ற ஒரு சொல் போதும், நம்மவர்கள் கேள்வி கேட்பதை நிறுத்திவிடுவார்கள். எட்டியும் அரளியும்கூட மரத்தில் காய்ப்பதுதான், செடியில் பூப்பதுதான்.

குளிகை வேலை செய்தது. அதுதான் கொடுமை. வாரா வாரம் எடை இறங்கியது. பசியோ பத்து மடங்கு. கணவர் தட்டிலிருந்தும் எடுத்துத் தின்றார், எடையும் இறங்கியது.

"என்னடி இது, கல்லைத் தின்னாலும் கரைஞ்சிரும் போல" என்றார் கணவர்.

"உடம்பு முழிச்சிருச்சுங்க."

"உடம்பு மட்டுமா? வீட்டையே தூங்க விட மாட்டேங்குற. எல்லா ஜன்னலையும் தொறந்து போட்டு, ரெண்டு ஃபேன் சுத்துது. நானும் உம் பொண்ணும் போர்வைக்குள்ள சுருண்டு கெடக்குறோம்."

பத்தாவது படிக்கும் மகள் வேறு மாதிரி பார்த்தாள். அம்மாவின் தாடை எலும்பு தெரியத் தொடங்கியதைக் கண்ணாடியில் தன் முகத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தாள். டப்பாவை எடுத்துக் குலுக்கிப் பார்த்தாள். சீப்பில் கொத்துக் கொத்தாக வந்த அம்மாவின் முடியை அவள் கவனித்தாளா, தெரியவில்லை.

வியர்வை, படபடப்பு, எரிச்சல், முடி உதிர்வது. எல்லாம் வந்தன. எல்லாவற்றுக்கும் மேலக்காவிடம் ஒரு காரணம் இருந்தது. வியர்த்தால், கண்ணாடிக் கேபின் வேகாமல் என்ன செய்யும்? நெஞ்சு அடித்துக்கொண்டால், ஏணி ஏறினால் அடிக்காதா? ஒவ்வொரு மேடையிலும் உட்கார்ந்து உட்கார்ந்து ஏற வேண்டியிருந்தது. வயசாகிறது, சாப்பாடு போதவில்லை. எடை குறைந்த பிறகு ஏணி சுலபமாக இருக்க வேண்டுமே, ஏன் கஷ்டமாகிறது என்ற கேள்வி அவருக்கு வரவில்லை. முள் இறங்குகிறதே, அது போதாதா?

கை நடுக்கத்துக்குக் காரணம் காற்று.

தினமும் காலையில் மூடியில் தேநீர் ஆடியது. வளையம் வளையமாக, விளிம்பு வரை. கிரேன் ஓட்டுகிறவருக்கு அதற்கு ஒரே ஒரு அர்த்தம்தான் உண்டு. "காத்து அதிகம், தூக்க முடியாது" என்று வாக்கி டாக்கியில் சொல்லிவிட்டுக் காத்திருப்பார். கீழே சிமெண்ட் தூசுகூட எழும்பாது. மேஸ்திரி தலையில் கை வைத்துக்கொண்டு, "மேலக்காவுக்கு மட்டும் தனியா ஒரு புயல் அடிக்குதுப்பா" என்பார். மேலே காற்று வேறு, கீழே காற்று வேறு என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். மேலேயிருந்து சொல்கிறவர் பேச்சைத்தான் நம்ப வேண்டும். அதனால் நம்பினார்கள். கொஞ்ச நேரம் கழித்து, ஆட்டம் குறைந்த மாதிரி தோன்றும்போது, மேலக்கா வேலையைத் தொடங்குவார்.

அவகாசம் முடிய இன்னும் ஒரு வாரம் இருந்தது. முந்தின நாள் தராசில் முள் நூறுக்குக் கீழே நன்றாக இறங்கி நின்றதை அதிகாரியே பார்த்துத் தலையாட்டியிருந்தார். நாற்காலி தப்பிவிட்டது என்ற நிம்மதியில் மேலக்கா ஒரு வார்ப்புப் படிக்கட்டைத் தூக்கினார். ஒரு மாடிக்கான படிக்கட்டு, ஒரே துண்டாக வார்த்தது. அதை வாங்கிப் பொருத்த மேல்தளத்தில் இரண்டு கொத்தனார்கள் காத்திருந்தார்கள்.

"இடது பக்கம் கொஞ்சம். இன்னும் கொஞ்சம். போதும், போதும்! என்னக்கா இது, தொட்டிலா ஆட்டுறீங்க?" சிக்னல்காரரின் குரல்.

"காத்துண்ணே. பேய்க் காத்து."

"பேயும் இல்ல, காத்தும் இல்ல. என் சிகரெட் புகை நேரா வானத்துக்குப் போகுது."

"வேலை நேரத்துல சிகரெட்டா?"

"அத அப்புறம் திட்டுங்க. மொதல்ல படிக்கட்ட நிறுத்துங்க. பசங்க ரெண்டு பேரும் அதுக்கு நேர் கீழ நிக்கிறானுங்க."

மேலக்கா சுமையை அந்தரத்தில் நிறுத்தினார். கைப்பிடியிலிருந்து கையை எடுத்து மூடியை எடுத்தார். காலையில் ஊற்றிய தேநீர் பாதி இருந்தது.

"ஆடுதுண்ணே. மூடியில நல்லாவே ஆடுது."

சிக்னல்காரர் மெதுவாகக் கேட்டார்.

"மூடி எங்க இருக்கு?"

"எங்க இருக்கும்? கையிலதான்."

"கையிலேர்ந்து எடுத்து முன்னால பலகை மேல வைங்க."

"எதுக்கு?"

"வச்சுத்தான் பாருங்களேன்."

வைத்தார். தேநீர் ஒரு தடவை சுழன்று நின்றது. அப்படியே நின்றது. மேலே கூரைச் சட்டத்தின் நிழல் அதில் கோடு போட்ட மாதிரி அசையாமல் விழுந்தது. மேலக்கா மூடியை மறுபடி கையில் எடுத்தார். வளையங்கள். கீழே வைத்தார். கண்ணாடி.

தன் இரண்டு கைகளையும் முகத்துக்கு நேரே நீட்டிப் பார்த்தார். இத்தனை நாளாக அவற்றை அவர் பார்க்கவே இல்லை, அவற்றில் இருந்த மூடியைத்தான் பார்த்திருக்கிறார்.

"மேலக்கா? லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேண்ணே. பசங்கள அங்கேர்ந்து தள்ளிப் போகச் சொல்லுங்க. கீழயும் யாரும் நிக்கக் கூடாது. படிக்கட்ட திருப்பித் தரையிலயே வைக்கப் போறேன்."

"எதுக்கு? காத்துதான் இல்லையே."

"இருக்குண்ணே. எனக்குள்ளதான் அடிக்குது."

இருப்பதிலேயே மெதுவான வேகத்தில், முழங்கைகள் இரண்டையும் இருக்கையின் கைகளில் அழுத்திக்கொண்டு, விரல் நுனியால் மட்டும் கைப்பிடியைத் தொட்டு, அந்தப் படிக்கட்டை அவர் இறக்கினார். சிக்னல்காரர் அன்று ஒரு கிண்டல்கூடச் செய்யவில்லை. "வருது, வருது, இன்னும் ஆளுயரம், இன்னும் ஒரு முழம், தொட்டாச்சு" என்று தாலாட்டு மாதிரி சொல்லிக்கொண்டே இருந்தார். தரையைத் தொட்டதும் மேலக்கா கிரேனை அணைத்தார். அணைக்கும்போதே அவருக்குத் தெரியும். நாற்காலிக்காகப் பட்ட பாடெல்லாம் முடிந்து, நாற்காலி கைக்கு வந்த மறுநாள், தன் வாயாலேயே அதை விட்டுக்கொடுக்கிறார். சொல்லாமல் இருந்திருக்கலாம். காற்று என்று இன்னும் ஒரு வாரம் சொல்லியிருந்தால் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். ஆனால் கிரேன் கொக்கிக்குக் கீழே ஆட்கள் நிற்கிறார்கள்.

ஏணியில் பாதி வழி இறங்கும்போது தொடை இரண்டும் கைவிட்டன. படியில் கால் இருக்கிறது, அதை மடக்கி உடம்பைத் தாங்க முடியவில்லை. நெஞ்சு தாறுமாறாக அடித்தது. தடதடவென ஓடிவிட்டு, ஒரு துடிப்பை விட்டுவிட்டு, மறுபடி ஓடியது. பெல்ட்டில் தொங்கியபடி நகர்ந்து ஒரு மேடையில் உட்கார்ந்தார். கீழிருந்து இரும்பில் யாரோ ஏறி வருகிற சத்தம். எட்டிப் பார்த்தால் சிக்னல்காரரின் மஞ்சள் தலைக்கவசம்.

மேடைக்கு வந்து சேர்ந்தவர் கண்ணை இறுக மூடிக்கொண்டு கம்பத்தைக் கட்டிப் பிடித்தார்.

"உங்களை யாருண்ணே ஏறச் சொன்னது?"

"தெரியலக்கா. கால் பாட்டுக்கு ஏறிருச்சு. இப்ப எறங்க மாட்டேங்குது."

மேலக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நெஞ்சைப் பிடித்துக்கொண்டே சிரித்தார். கொஞ்ச நேரம் கழித்து, மூச்சு சீரானதும், மேலக்காதான் அவரை இறக்கினார். மேலேயிருந்து குனிந்து பார்த்து, "வலது கால கீழ விடுங்க. இன்னும் கொஞ்சம். போதும். படி இருக்கு, தொட்டாச்சு" என்று சொல்லிக்கொண்டே, பின்னால் தானும் உட்கார்ந்து உட்கார்ந்து இறங்கினார்.

மருத்துவமனையில் இருந்த பெண் மருத்துவர் அதிகம் பேசாதவர். கைகளை நீட்டச் சொல்லி விரல்களின் மேல் ஒரு வெறும் காகிதத்தை வைத்தார். காகிதம் படபடத்தது. நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழச் சொன்னார். மேலக்காவால் முடியவில்லை. இதயத் துடிப்பைப் பதிவு செய்தார்கள், ரத்தம் எடுத்தார்கள், கழுத்தைப் படம் பிடித்தார்கள்.

"என்ன மாத்திரை சாப்பிடுறீங்க?"

"மாத்திரை எதுவும் இல்லைங்க டாக்டர்."

"உங்க ரத்தத்துல தைராய்டு ஹார்மோன் பொங்கி வழியுது. ஆனா உங்க சுரப்பி தூங்குது. அது சுரக்கவே இல்ல. அப்ப எங்கேர்ந்து வருது? வாய் வழியாத்தான் வரணும். நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

"மூலிகைக் குளிகை ஒண்ணு..."

மருத்துவர் பேனாவை மூடி வைத்தார். "எதுக்கு?"

"எடைக்கு."

"குறைஞ்சுதா?"

"நல்லாவே குறைஞ்சுதுங்க." அந்த நிலையிலும் அதில் ஒரு பெருமை இருந்தது.

"என்ன குறைஞ்சுதுன்னு நினைக்கிறீங்க? கொழுப்பு மட்டுமா? உங்க தொடையில இருந்த சதையும் போயிருக்கு. அதான் எந்திரிக்க முடியல. இப்படியே விட்டா எலும்பும் கரையும். இதயமும் தசைதான். அது இப்பவே தாளம் தப்புது. சாப்பாட்ட குறைச்சு வச்ச உடம்புல இதையும் போட்டா, அது வேற எதை எரிக்கும்?"

விறகு குறைவு என்று அடுப்பைத் தணித்து வைத்திருந்த வீடு அந்த உடம்பு. வெளியிலிருந்து ஒருவர் வந்து அடுப்பை ஊதிவிட்டுப் போனார். வீட்டில் விறகோடு சேர்த்துக் கதவையும் நிலையையும் உடைத்துப் போட்டார்கள். தராசுக்கு இந்த வித்தியாசம் தெரியாது. கொழுப்பு போனாலும் சதை போனாலும் அதற்கு ஒரே முள்தான். அந்த முள்ளைத்தான் நாம் ஆரோக்கியம், ஒழுக்கம், அழகு, வேலைத் தகுதி என்று எல்லாவற்றுக்கும் சாட்சிக் கூண்டில் ஏற்றிக்கொண்டிருக்கிறோம்.

"நிறுத்திட்டா சரியாயிருமாங்க?"

"துடிப்ப அடக்க மாத்திரை தரேன். சதை திரும்பி வர மாசக்கணக்காகும். சுரப்பி முழிக்கிற வரைக்கும் ரொம்ப சோர்வா இருக்கும், எடையும் ஏறும். அதப் பாத்துப் பயந்து திருப்பி அந்தக் கருமத்த வாயில போட்டுராதீங்க."

கணவர் அன்றே மெலிவு நிலையத்துக்குப் போய்ச் சண்டை போட்டார். "ஆயிரம் பேருக்கு ஒத்துக்கிச்சு, உங்க வீட்டம்மாவுக்குத்தான் ஒத்துக்கல" என்றார் அந்த அம்மா. மருத்துவர் குளிகையைச் சோதனைக்கு அனுப்பிப் புகார் கொடுத்தார். நிலையம் மூடப்பட்டது. இரண்டு தெரு தள்ளி அதே நாற்காலிகளோடு, வேறு பெயர்ப் பலகையோடு திறந்தது. அதுவும் உண்மைதான், மறைக்க வேண்டியதில்லை.

வீட்டில் இருந்த மாதங்கள் மோசமானவை. குளிகையை விட்டதும் உடம்பு ஈரத்துணி மாதிரி கனத்தது. எடை ஏறத் தொடங்கியது. ஒருநாள் மகள் பள்ளியிலிருந்து வந்ததும் அலமாரியைத் தேடினாள்.

"மிச்சம் இருந்த குளிகை எங்கம்மா?"

"சோதனைக்குப் போயிருச்சு. ஏன்?"

"தூக்கிக் குடுத்துட்டியா? எனக்குக் குடுத்திருக்கலாம்ல. கொஞ்சமா சாப்பிட்டா ஒண்ணும் ஆகாதாம்."

மேலக்கா கத்தவில்லை. போய்த் தரையில் உட்கார்ந்தார்.

"என்னம்மா செய்யுற?"

"நான் எந்திரிக்கணும். பாத்துக்கிட்டே இரு."

கையை ஊன்றினார், முழங்காலில் நின்றார், கட்டில் விளிம்பைப் பிடித்தார். தொடை நடுங்கிற்று. மறுபடி உட்கார்ந்துவிட்டார். திரும்பவும் முயன்றார். மகள் ஓடி வந்து தூக்கப் பார்த்தாள். "வேணாம், பாரு" என்றார். மூன்றாவது தடவை மகள் அழுதுகொண்டே அவர் அக்குளில் கை கொடுத்துத் தூக்கினாள். அதற்குப் பிறகு அந்த வீட்டில் டப்பாவைப் பற்றி யாரும் கேட்கவில்லை. இரவுச் சாப்பாட்டுக்கு மூவரும் உட்கார்ந்தார்கள். மகள் அம்மாவுக்கு ஏணிப் பயிற்சி சொல்லிக் கொடுக்கிறேன் பேர்வழி என்று, மாடிப் படியில் தினமும் ஏற்றி இறக்கினாள். "இன்னும் நாலு படி, மேலக்கா!" என்று அதிகாரமாகக் கூவுவாள்.

தொடைகள் திரும்பி வந்தன, மெதுவாக. கை அமைதியானது. இதயம் தாளத்துக்கு வந்தது. மருத்துவர் ஏறலாம் என்று சொன்னார். வேலைக்குப் போன முதல் நாள் கிடங்கு வாசலில் அதே கம்பித் தராசு. முள் நூறைத் தாண்டி நின்றது. ஏறக்குறைய தொடங்கிய இடத்தில்.

"ஸாரிம்மா" என்றார் அதிகாரி. உண்மையிலேயே சங்கடப்பட்டார். "விதி விதிதான்."

மேலக்கா தராசிலிருந்து இறங்கவில்லை. "சார், நூறு கிலோ எதோட அளவு?"

"பெல்ட்டோட அளவு."

"அப்ப பெல்ட்டுதானே சின்னது?"

அதிகாரி குரலைத் தாழ்த்தினார். "பெரிய பெல்ட் இருக்கும்மா. எனக்குத் தெரியாதா? கேட்டு மேலிடத்துக்கு ரெண்டு தடவை எழுதிட்டேன். ஆளை எடை குறைக்கச் சொல்லுங்க, அது செலவில்லாததுன்னுட்டாங்க."

செலவில்லாதது. ஒரு பெண்ணின் இரண்டு தொடையும், ஒரு இதயத்தின் தாளமும், இரண்டு கொத்தனார்களின் தலையும் யாருடைய கணக்கில் செலவில்லாதது? காற்றை அளக்கிற கருவியை வாங்காதவர்கள்தான் கம்பித் தராசில் மனுஷியை ஏற்றி அளந்தார்கள்.

அப்போது கூட்டத்தின் பின்னாலிருந்து தொப்பையண்ணன் வந்தார். "எறங்குங்கக்கா" என்று சொல்லி, மேலக்கா இறங்கியதும் தான் ஏறி நின்றார். முள் போய் நின்ற இடத்தைப் பார்த்து யாரோ சிரிக்கத் தொடங்கினார்கள். அவர் சிரிக்கவில்லை.

"தராசு ரிப்பேர் இல்ல சார். போன தடவையும் இல்ல. எழுதிக்குங்க, நானும் ஏறக் கூடாது."

"அண்ணே, நீங்களும் இப்படிச் சொன்னா கிரேனை யாரு ஓட்டுறது?"

"விதி ஓட்டட்டும்."

சிக்னல்காரர் வாக்கி டாக்கியை அணைத்து இடுப்பில் செருகிக்கொண்டு, செங்கல் அடுக்கின் மேல் உட்கார்ந்தார். கிரேன் தன் நீளக் கையை நீட்டியபடி நாள் முழுக்கச் சும்மா நின்றது. மறுநாளும் நின்றது. நிற்கிற கிரேனுக்கு ஆகிற செலவு மேலிடத்துக்குச் சட்டென்று புரிந்தது போலும். அந்த வாரம் முடிவதற்குள் அகலமான பட்டையோடு புது பெல்ட்கள் வந்து இறங்கின. அதோடு ஒரு சின்னப் பெட்டியும் வந்தது. காற்றளக்கும் கருவி. பொருத்துகிறவர் மட்டும் அடுத்த வாரம்தான் வருவாராம்.

மேலக்கா புது பெல்ட்டைக் கட்டிக்கொண்டு ஏறினார். ஒவ்வொரு மேடையிலும் நின்றார். இப்போது உட்கார வேண்டியிருக்கவில்லை. கேபின் கதவைத் திறந்து நாற்காலியில் அமர்ந்தபோது இருக்கையின் பழைய குழி அவரைச் சரியாக வாங்கிக்கொண்டது. ஃபிளாஸ்கைத் திறந்து மூடியில் தேநீர் ஊற்றி உள்ளங்கையில் ஏந்தினார்.

வளையங்கள்.

விளிம்பு வரை வளையம் வளையமாக, அதே நடுக்கம். கையைப் பார்த்தார். மூச்சை அடக்கினார். மூடியை மெதுவாக முன்னால் இருந்த பலகையின் மேல் வைத்து, கையை முழுக்க எடுத்துவிட்டுக் குனிந்து பார்த்தார்.

பலகை மேலும் தேநீர் ஆடிக்கொண்டே இருந்தது.

"என்னக்கா, தூக்கலாமா?" சிக்னல்காரர்.

"முடியாதுண்ணே!" மேலக்காவின் குரல் வளாகம் முழுக்கக் கேட்கும் அளவுக்கு வாக்கி டாக்கியில் வெடித்தது. "காத்து! இங்க காத்து அடிக்குதுண்ணே, நெசக் காத்து!"

"அதுக்கு ஏன்க்கா இவ்வளவு சந்தோஷம்?"

மேலக்கா மூடியை எடுத்துத் தேநீரைக் குடித்தார்.